சுவரில்லாத வாசக்கால்

அடையாறு சாஸ்திரி நகரில், சுற்றிலும் வீடுகள் எழும்பிவிட்ட ஒரு தெருவில், ஒரு காலி மனை இருந்தது. அந்த மனையில் ஒரு வாசக்கால் நின்றது. வாசக்கால் என்றால் வாசக்கால் மட்டும்தான். சுவர் இல்லை, கூரை இல்லை, கதவுகூட இல்லை. நல்ல தேக்கில் இழைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தலையில் காய்ந்துபோன மாவிலைத் தோரணத்தோடு தன்னந்தனியாக நின்றது. காலையில் பால் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். "காசு தீந்து போச்சு போல, வாசலோட நிறுத்திட்டாங்க" என்பார் ஒருத்தர். கூட வருகிறவர் சிரிப்பார்.

சிரித்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வாசக்காலின் சொந்தக்காரர் யாரென்று தெரிந்திருந்தால் இன்னும் பலமாகச் சிரித்திருப்பார்கள்.

அவர் பெயர் ஸ்ரீரங்கன். மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வாடகைக்குக் குடியிருந்தார். தணிக்கை ஆபீசில் உத்தியோகம்; பென்ஷன் வாங்கக் கொஞ்ச காலமே பாக்கி. அடுத்தவர் ஃபைலில் குறை கண்டுபிடிப்பதற்கென்றே சர்க்கார் சம்பளம் கொடுத்து வைத்திருந்த மனுஷர். மேலிடத்து அனுமதி இல்லாமல் எவனாவது ஒரு மேஜை விசிறி வாங்கியிருந்தால் போதும், அவன் ரிட்டயராகிற வரைக்கும் விடமாட்டார். அப்பேர்ப்பட்டவர், வீடு கட்ட அனுமதி வருவதற்கு முன்னாலேயே வாசக்காலை நட்டுவிட்டு முழித்துக்கொண்டிருந்தார். எல்லாம் பஞ்சாங்கம் செய்த வேலை.

ஆனி மாசம் ஆபீஸ் மாடிப்படி ஏறும்போது அவருக்கு நெஞ்சை அடைத்தது. பிழைத்ததே பெரிது என்றார்கள் டாக்டர்கள். அவர் மனைவி சுப்புலக்ஷ்மி, அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த அத்தனை நாளும் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஸ்லோகம் சொல்லிக்கொண்டே இருந்தாள். வெளியிடத்தில் ஒரு வாய்க் காபி குடிக்காதவள் அவள். அந்த நாட்களில் எதிர்க்கடை டீயைக் குடித்தாள் என்று பின்னால் கேள்விப்பட்டபோதுதான், தாம் எவ்வளவு மோசமாக இருந்திருக்கிறோம் என்பதே ஸ்ரீரங்கனுக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"மனையை வாங்கிப் போட்டு எத்தனை வருஷமாச்சு? ஆத்தைக் கட்டுங்கோ. நம்ம ஆத்துல நீங்க உக்காந்துண்டு பேப்பர் படிக்கறதை நான் கண்ணால பார்க்கணும்."

சரி என்று வரைபடம் போட்டு கார்ப்பரேஷன் மண்டல ஆபீசில் மனு கொடுத்தார். படம் வரைந்து கொடுத்தவர், "ஆவணிக்குள்ள கையில வந்துடும் சார்" என்று அடித்துச் சொன்னார். இதை நம்பிக்கொண்டு சுப்புலக்ஷ்மி வாத்தியாரிடம் நாள் பார்க்கச் சொன்னாள். வாத்தியார் பஞ்சாங்கத்தை முன்னும் பின்னும் புரட்டினார். ஸ்ரீரங்கன் நட்சத்திரத்துக்குப் பொருந்தி வாசக்கால் வைக்க ஆவணியில் ஒரே ஒரு முகூர்த்தம். அதை விட்டால் புரட்டாசி ஆகாது, ஐப்பசி கார்த்திகை மழை, மார்கழி கேட்கவே வேண்டாம். தை மாசம்தான்.

ஆவணி வந்தது. அனுமதி வரவில்லை.

"தைக்கே வெச்சுக்கலாமே" என்றார் ஸ்ரீரங்கன்.

"ஏன்னா, இது வெறும் கட்டையா? உங்க நட்சத்திரத்துக்குப் பார்த்து, உங்க ஆயுசுக்குன்னு வெக்கறது. தை வரைக்கும் வயத்துல நெருப்பைக் கட்டிண்டு என்னால இருக்க முடியாது" என்றாள் அவள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அதற்கு மேல் தணிக்கை ஆபீஸ் என்ன செய்யும்?

கொத்தனார் ரகுபதிதான் மலைத்துப்போனான். "சார், அஸ்திவாரத்துக்குக் கடைக்காலே தோண்டல. செவுரும் இல்ல. வாசக்கால எங்க சார் நிக்க வெப்பேன்?"

"வாசக்காலுக்கு மட்டும் கடைக்கால் தோண்டேன்" என்றார் ஸ்ரீரங்கன், பாதி வெட்கத்தோடு.

அப்படியே தோண்டினான். செங்கல் வைத்து, முழங்கால் உயரத்துக்குப் படி கட்டினான். நவதானியம் போட்டு, ஒரு குந்துமணிப் பொன் வைத்து, நல்ல நேரத்தில் வாசக்கால் ஏறியது. அதைச் செய்த மீர்சாகிப்பேட்டைத் தச்சர் மெஹபூப் பாஷா, வழக்கப்படி வேட்டியும் துண்டும் வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டு, "நூறு வருசம் நிக்கும் சார்" என்று வாழ்த்தினார். சுப்புலக்ஷ்மி அன்றைக்குத்தான் ஆனி மாசத்துக்குப் பிறகு முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டாள்.

புரட்டாசியில் இடத்தைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வந்தார். பஞ்சாட்சரம் என்று பெயர். டி.வி.எஸ். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, வாசக்காலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"வேலை ஆரம்பிச்சிட்டீங்களே சார்."

"இல்ல, இல்ல. சாஸ்திரத்துக்கு வெச்சது. வேலை எதுவும் ஆரம்பிக்கலை."

"வாசக்கால் வெச்சா வீடு ஆரம்பிச்சதா அர்த்தம். உங்க வாத்தியாருக்கும் அதான் அர்த்தம், எனக்கும் அதான் அர்த்தம்" என்றார் பஞ்சாட்சரம். கோபமில்லை, கிண்டலுமில்லை. உள்ளதைச் சொன்னார். "எடுத்துடுங்க. மறுபடி வந்து பார்ப்பேன். மனை காலியா இருந்தா ஃபைல் மேல போகும். இல்லேன்னா மனுவைத் தள்ளிட்டு, அபராதம் போட்டு, நீங்க முதல்லேர்ந்து வரணும்."

முப்பது வருஷமாகத் தாம் எழுதிவந்த அதே வாக்கியம் வேறொருவர் வாயிலிருந்து வருவதை ஸ்ரீரங்கன் அன்றைக்குக் கேட்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். சுப்புலக்ஷ்மி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "வெச்ச வாசக்காலைப் பிடுங்கினா..." என்று ஆரம்பித்தவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். அவள் முடிக்காமல் விட்டது என்ன என்று அவருக்குத் தெரியும். பிடுங்கினால் குடும்பத் தலைவனுக்கு ஆகாது. அதை வாயால் சொன்னால்கூடப் பலித்துவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

அப்புறம் ஸ்ரீரங்கன் நடையாய் நடந்தார். மண்டல ஆபீசில் எந்த ஃபேன் ஓடும், எந்த ஃபேன் ஓடாது என்பது அவருக்கு அத்துப்படி ஆயிற்று. விதிவிலக்கு கேட்டு மனு எழுதினார். வாசக்காலுக்கு விதிவிலக்கு என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றார்கள். இல்லை என்பது அவருக்கும் தெரியும். வீட்டில் வாயைத் திறக்க முடியாது. ஆபீசில் வாயைத் திறந்து பயனில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழையோடு மழையாக ஒரு கார்டும் வந்தது. வருகிற வியாழக்கிழமை மறு பார்வை.

செவ்வாய்க்கிழமை ராத்திரி படுத்துக்கொண்டே ஸ்ரீரங்கன் ஒரு முடிவுக்கு வந்தார். சத்தம் போடாமல் பிடுங்கிவிடுவது. பாஷா வீட்டில் ஒளித்து வைப்பது. இன்ஸ்பெக்டர் வந்து போனபின் அதே இடத்தில் நட்டுவிடுவது. சுப்புலக்ஷ்மிக்குத் தெரியவே வேண்டாம். தமக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைக்கும்போதே கை தானாக நெஞ்சைத் தடவிப் பார்த்தது.

மறுநாள் காலை, பென்ஷன் விஷயமாகப் போகிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மீர்சாகிப்பேட்டைக்குப் போனார். மெஹபூப் பாஷா விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கினார்.

"நம்ம கையால வெச்சது சார். அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

பாஷா தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். அடையாறு பாலத்தில் ஆட்டோ ஏறியபோது ஆறு மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. கரையோரக் குடிசைகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. தம் கவலையில் இருந்த ஸ்ரீரங்கன் அதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்தார்.

மனைக்கு வந்து இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

வாசக்காலுக்கு வீடு முளைத்திருந்தது. தேக்கு நிலையின் இரண்டு பக்கமும் தென்னங்கீற்றுத் தடுப்பு. மேலே நீலப் பாலிதீன் ஷீட், அதற்கு மேல் ஏதோ கட்சிக் கூட்டத்துப் பழைய பேனர். வாசக்காலில் சாக்குப் படுதா தொங்கியது. உள்ளேயிருந்து புகை வந்தது. படுதாவை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். ரகுபதியின் மனைவி சொர்ணம். வாசக்கால் வைத்த அன்றைக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்தவள்.

"யாரு, சாரா? வா சார். உன்னாண்ட வந்து சொல்லணும்னுதான் சொல்லிகினு இருந்தோம். முந்தாநேத்து எங்க வூட்டுக்குள்ள தண்ணி பூந்துகிச்சு சார். அடுப்பு, துணி, ரேசன் அரிசி, அல்லாம் போச்சு. பச்சப் புள்ளய வெச்சிகினு எங்க போவேன்? இந்தாளுதான் சொன்னாரு, நான் கட்டுன வாசக்கால் சும்மாத்தான கீது, படி ஒசரம், தண்ணி ஏறாதுன்னு. கோச்சிக்காத சார். மழ வுட்டதும் போய்டுவோம்."

படுதா விலகிய இடைவெளியில் ஸ்ரீரங்கன் உள்ளே பார்த்தார். ஒரு மூங்கிலின் ஒரு முனை பின்னால் நட்ட கழியில், மறு முனை வாசக்காலின் மேல்கட்டையில். மூங்கிலில் பழம்புடவைத் தூளி. தூளிக்குள் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வாசக்காலை அசைத்தால் கூரை வரும், தூளி வரும், குழந்தையும் வரும்.

மெஹபூப் பாஷா கடப்பாரையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"கரையான் வந்துருக்கான்னு பாக்க வந்தோம்மா" என்றார். "ஒண்ணும் இல்ல. கட்டை நல்லா இருக்கு."

சொர்ணம் ஒரு சாக்கை உதறிப் போட்டு ஸ்ரீரங்கனை உட்காரச் சொன்னாள். அலுமினிய டம்ளரில் டீ கொடுத்தாள். சூடு தாங்காமல் பாதியை வேட்டியில் கொட்டிக்கொண்டார். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வரப்போகிறார், மனு போகப்போகிறது, அபராதம் வரப்போகிறது. எல்லாம் தெரிந்தும் அவருக்குள் ஒரே நிம்மதி. காலையிலிருந்து நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டது. நல்லவேளை, நல்லவேளை என்று மட்டும் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. தாம் எவ்வளவு பயந்திருக்கிறோம் என்பதை அந்தச் சாக்கில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டார்.

"கொழந்த பேரு என்ன?"

"ஷீலா சார்."

"மழை விட்டாலும் போக வேண்டாம்" என்றார் ஸ்ரீரங்கன். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை. நாளைக்கு ஆபீஸ் மனுஷர் வந்து ஏதாவது சொல்லக்கூடும், பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி வைத்தார்.

வீட்டில் சுப்புலக்ஷ்மியிடம் பாதியை மறைத்து, பாதியைச் சொன்னார். அவள் முகம் மாறியது.

"நம்ம வாசக்கால்லயா? அடுப்பெல்லாம் மூட்டிண்டா?"

"ஆமாம். சமைச்சு, சாப்பிட்டுண்டு, கொழந்தையைத் தூங்கப் பண்ணிண்டு."

அவளுக்கு அது பிடிக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. பட்டு வேட்டி கட்டிய வாத்தியார் மந்திரம் சொல்லி வைத்த வாசல். புடவைத் தலைப்பைத் திருகினாள். பிறகு, "அப்போ வாசக்கால் அசையலையே?" என்று கேட்டாள்.

"அசையலை. அசைக்கவும் முடியாது."

"நீங்க பென்ஷன் விஷயமான்னா போனேள்? அங்க எப்படிப் போனேள்?"

"சும்மா. பாஷாவோட. கரையான் பார்க்க."

அவள் அவர் வேட்டியில் இருந்த டீக்கறையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்குத் தட்டு போட்டாள்.

வியாழக்கிழமை பஞ்சாட்சரம் மழைக்கோட்டோடு வந்தார். ஃபைலைப் பாலிதீன் பைக்குள் சுருட்டி வைத்திருந்தார்.

"எங்க சார் அந்த வாசக்கால்?"

பொய் சொல்ல ஸ்ரீரங்கனுக்கு வாய் வரவில்லை. "அதோ" என்று கையைக் காட்டினார்.

பஞ்சாட்சரம் குடிசையருகே போனார். குனிந்து படுதாவைத் தொட்டதுதான் தாமதம், உள்ளேயிருந்து சொர்ணத்தின் குரல் வந்தது.

"செருப்பக் கயட்டிட்டு வா சார். இப்பத்தான் மொழுவிகினு இருக்கேன்."

எத்தனையோ கட்டடங்களுக்குள் செருப்போடு ஏறி இறங்கிய இன்ஸ்பெக்டர், மறுபேச்சுப் பேசாமல் செருப்பைக் கழற்றினார். உள்ளே போனார். வெளியே நின்ற ஸ்ரீரங்கனுக்குப் பேச்சு மட்டும் கேட்டது.

"யாரும்மா நீங்க?"

"எம்புருசன் கொத்தனாரு சார். இப்ப வாட்ச்மேனும் அவருதான். நாங்க தங்கறதுக்குப் போட்டுகினது."

"இந்தப் படி?"

"தண்ணி உள்ள வராம இருக்கறதுக்கு. படி இல்லாங்காட்டி இந்நேரம் புள்ள மெதந்துகினு இருக்கும்."

பஞ்சாட்சரம் வெளியே வந்தார். செருப்பைப் போட்டுக்கொள்ளாமலே சேற்றில் நின்று யோசித்தார். வேலைக்காரர்கள் தங்கும் தற்காலிகக் கொட்டகைக்கு அனுமதி தேவையில்லை. அது விதியில் இருக்கிறது. அது அவருக்கும் தெரியும், ஸ்ரீரங்கனுக்கும் தெரியும்.

"நான் பொய் எழுதமாட்டேன் சார். பார்த்ததைத்தான் எழுதுவேன்."

"அதைத்தான் எழுதணும்" என்றார் ஸ்ரீரங்கன்.

"நீங்களே சொல்லுங்க. இது கொட்டகையா, உங்க வீட்டு வாசலா?"

ஸ்ரீரங்கன் குடிசையைப் பார்த்தார். படுதாவுக்குப் பின்னால் குழந்தை விழித்துக்கொண்டு அழ, சொர்ணம் ஏதோ ராகம் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு இது அவா ஆத்து வாசல்" என்றார். ஆபீஸ் பேச்சு மறந்துபோய், வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. "எனக்கு இதுல வாசலும் இல்ல, பாத்யதையும் இல்ல. அவங்களா போறவரைக்கும் நான் இதைத் தொடமாட்டேன். எழுதிக்கொடுக்கவும் தயார்."

"எழுதிக் கொடுங்க" என்றார் பஞ்சாட்சரம். அவர் முகத்தில் அப்போதுதான் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "காவலாளி கொட்டகை தவிர மனை காலி" என்று ஃபைலில் எழுதினார். மழைக்கோட்டின் பட்டனைப் போட்டுக்கொண்டு வண்டியை உதைத்தார். ஒரு டீ கூடக் குடிக்கவில்லை. மழையில் அந்த வண்டி திரும்பி மறைகிறவரைக்கும் ஸ்ரீரங்கன் கைகூப்பியபடியே நின்றார். அதற்குள் முழுக்க நனைந்துபோனார்.

அதற்குப் பிறகும் ஃபைல் உடனே பறந்துவிடவில்லை. மேஜைக்கு மேஜை அது தன் பாட்டுக்கு நடந்தது. ஆனால் ஸ்ரீரங்கனுக்கு அவசரம் போய்விட்டது. சாயங்காலம் காலாற நடக்கிறேன் என்று பஸ் ஏறி மனைக்கு வந்துவிடுவார். ஷீலா தூளியிலிருந்து தரைக்கு இறங்கினாள். குப்புற விழுந்தாள். ஒருநாள் வாசக்கால் படியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். இதையெல்லாம் அவர் வீட்டில் வந்து சொல்வார். சுப்புலக்ஷ்மி காது கொடுக்காதவள்போலக் கேட்டுக்கொள்வாள். ஒருநாள் அவர் கிளம்பும்போது ஒரு பாத்திரம் நிறையப் பருப்புசாதம் பிசைந்து மூடி, "கொழந்தைக்குக் காரம் போடலை" என்று கொடுத்தனுப்பினாள்.

தை பிறந்து அனுமதி வந்தது. தபாலில் வந்த உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஸ்ரீரங்கன் பூஜை அலமாரியில் வைத்தார். ஒரு நல்ல நாள் பார்த்து வேலையைத் தொடங்க எல்லோரும் மனையில் கூடினார்கள். ரகுபதி அதற்கு முதல்நாளே பின்புறம் ஒரு புதுக் கொட்டகை போட்டுக் குடும்பத்தை மாற்றிவிட்டான். கட்டி முடிக்கிறவரைக்கும் அங்கேதான். கீற்றெல்லாம் பிரித்த பிறகு வாசக்கால் மறுபடி தனியாக நின்றது. மஞ்சள் போய், புகையேறிக் கறுத்திருந்தது. குழந்தையின் கைபட்ட இடமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

வாத்தியார் அதைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்ன இது? கண்டவா பொழங்கின மாதிரின்னா இருக்கு? இதுல குடித்தனம் பண்ணியிருக்காளே! இப்படியே மேல கட்டப்படாது மாமி. முதல்ல புண்யாகவாசனம் பண்ணி, நன்னாத் தீட்டுக் கழிச்சுடுவோம். நிலையை மாத்திட்டாலும் உத்தமம்."

ரகுபதி தலையைக் குனிந்துகொண்டான். சொர்ணம் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நாலு அடி பின்னால் போனாள். ஸ்ரீரங்கன் மனைவியைப் பார்த்தார். வாத்தியார் சொல்லை இதுவரை மீறாதவள். வாசலில் ஒரு பொட்டுக் கோணினால்கூட அழித்துவிட்டு மறுபடி வைக்கிறவள். அவள் என்ன சொல்வாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்தார்.

சுப்புலக்ஷ்மி வாசக்கால் பக்கத்தில் போனாள். கறுத்த கட்டையைத் தடவினாள்.

"எதுக்குத் தீட்டுக் கழிக்கணும்?" என்றாள். "என் ஆத்துக்காரர் ஆயுசுக்குன்னு வெச்ச வாசக்கால் இது. கடப்பாரை வரைக்கும் வந்துடுத்து. எனக்குத் தெரியாதுன்னு இவர் நெனைச்சிண்டிருக்கார். பாஷாவோட போனேன்னு சொன்னப்பவே இவர் மூஞ்சியில தெரிஞ்சுடுத்து."

ஸ்ரீரங்கன் தரையைப் பார்த்தார்.

"அன்னிக்கு இந்தப் பொண்ணு இங்க இல்லேன்னா, இது இப்போ இங்க இருந்திருக்காது. மழையில எந்தப் பக்கமும் சாயாம பிடிச்சு நிறுத்தினது அவா கூரை. எங்க ஆத்து வாசல்ல ஒரு கொழந்தை எழுந்து நின்னிருக்கு. இதைவிட நல்ல சகுனத்தை நீங்க எந்த மந்திரத்துல கொண்டு வருவேள்?"

சுப்புலக்ஷ்மி மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நேராகச் சொர்ணத்திடம் போனாள்.

"வாம்மா. இதுக்கு இன்னிக்கு நீதான் மஞ்சள் பூசணும். உன் கையாலதான்."

சொர்ணம் மிரண்டுபோனாள். "நானாம்மா? எனக்கு மந்திரமெல்லாம் தெரியாதே!"

"அதைச் சொல்லத்தான் அவரை வரவழைச்சிருக்கேன்" என்றாள் சுப்புலக்ஷ்மி. கிண்ணத்தை அவள் கையில் வைத்தாள். "நீ பூசு."

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். சொர்ணம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஷீலாவை ஸ்ரீரங்கன் கையில் கொடுத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மஞ்சளைக் குழைக்கத் தொடங்கினாள்.